சேலத்தில் அகதிகள் மறுவாழ்வுப் பணியில் கேஸ்வொர்க் (குடும்பம் குடும்பமாகச் சந்தித்து உதவும் பணி) இன்டர்ன்ஷிப் செய்ய முடியுமா? போவதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதலாண்டு படிப்பதாகவும், புதிதாக வந்து சேரும் அகதிகளைக் குடியமர்த்தும் வெளிநாட்டு அமைப்புகளின் இன்டர்ன்ஷிப் விளம்பரங்களைப் பார்த்து, அதே வேலை சேலத்தில் கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேஸ்வொர்க் கிடைக்கும். அதே வேலை கிடைக்காது.

அமெரிக்காவில் குடியமர்த்தும் முகமைகள் முதல் 90 நாளை மையமாக வைத்து இயங்கி வந்தன. விமான நிலையத்தில் போய் அழைத்து வருவது, வாடகை வீடு, பாத்திரம் பண்டம், சோஷியல் செக்யூரிட்டி எண், மருத்துவப் பரிசோதனை, பள்ளிச் சேர்க்கை என்று எல்லாவற்றுக்கும் பட்டியலும் கெடுவும் இருந்தன. இங்கே இலங்கைத் தமிழர்கள் 1983-க்குப் பிறகு அலை அலையாக வந்தவர்கள். 1990-ஐ ஒட்டி ஒரு பெருங்கூட்டம், 2006-க்குப் பின் இன்னொன்று. மண்டபம் முகாமில் இறங்கிப் பல மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். நம் மாவட்டத்தில் பவளத்தானூர், குறுக்குப்பட்டி, நாகியம்பட்டி முகாம்களில் இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் தமிழ்நாட்டிலேயே பிறந்தவர்கள். எனவே வீடு பார்த்துக் கொடுக்கும் வேலை உங்களுக்கு இருக்காது. முப்பது வருஷமாக ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் சேர்ந்துவிட்ட காகிதங்களைச் சரி செய்வதுதான் முக்கால்வாசி வேலை.

இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. முகாமில் கிடைப்பதெல்லாம் அரசாணை வழியாக வருபவை. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அறிவித்த 317 கோடி ரூபாய்த் திட்டத்தில்தான் 7,469 வீடுகளும் உதவித்தொகை உயர்வும் வந்தன. முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றமும் அதே மாதம் நடந்தது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 ரூபாய் என்று அப்போது நிர்ணயித்தார்கள். இதில் பெரியவர், சிறுவர் என்பதற்குக் கோடு 12 வயது. போனவுடன் செய்யக்கூடிய உருப்படியான சோதனை இது: 12 தாண்டிய பிள்ளை பதிவேட்டில் இன்னும் சிறுவர் கணக்கிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாதம் 500 ரூபாய் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. மனுவோடு பிறப்புச் சான்றிதழ் நகல் ஒன்று போதும்.

அனுமதி இல்லாமல் முகாமுக்குள் போகாதீர்கள். கல்லூரிக் கடிதத்தைக் காட்டி நேரே வாசலில் நிற்பவர்கள் உண்டு. முகாம்களைக் கண்காணிக்கும் க்யூ பிரிவுக் காவலர்கள் திருப்பி அனுப்புவார்கள். அதைவிட, உங்களை உட்கார வைத்துப் பேசிய குடும்பத்திடம் போய் விசாரிப்பார்கள். அதுதான் பெரிய சங்கடம். முறையான வழி, ஏற்கெனவே அனுமதியுடன் வேலை செய்யும் அமைப்பின் கீழ் சேர்வது. 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும், இயேசு சபையின் அகதிகள் பணியும் தமிழக முகாம்களில் நெடுங்காலமாக இருப்பவை. துறைத்தலைவரின் கடிதம், உங்கள் ஆதார் நகல், என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு பக்கத் திட்டம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற விவரம் இவ்வளவும் வேண்டும். சென்னையிலுள்ள மறுவாழ்வுத் துறை ஆணையரகத்துக்கும் சேலம் கலெக்டர் அலுவலகத்துக்கும் அது போய் வர வாரக்கணக்கில் ஆகும். செமஸ்டர் தொடங்கிய பிறகு விண்ணப்பித்தால் அனுமதி வரும்போது இன்டர்ன்ஷிப் முடிந்திருக்கும்.

முதல் சந்திப்பில் ஆளாளுக்கு ஐம்பது கேள்வி கொண்ட படிவத்தை நீட்டுவார்கள். அந்தக் குடும்பம் அதைவிட நீளமான படிவங்களுக்குப் பலமுறை பதில் சொல்லியாயிற்று. போரையும் படகையும் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். வேலைக்கு அது தேவையில்லை. டிரங்குப் பெட்டியில் இருக்கும் காகிதங்களை எடுத்து வைக்கச் சொல்லி, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் போடுங்கள். இடப்பக்கம் ஆவணத்தின் பெயர், அடுத்து அதில் பெயர் எழுதியிருக்கும் விதம் எழுத்துப் பிசகாமல், பிறகு பிறந்த தேதி, பிறந்த இடம், தந்தை பெயர். இலங்கைப் பிறப்புப் பத்திரத்தில் ‘தங்கராசா’, முகாம் அடையாள அட்டையில் ‘தங்கராஜ்’, பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘டி. தங்கராஜா’, ஆதாரில் தந்தை பெயரே பின்னால் ஒட்டிக்கொண்டு வேறு மாதிரி. தேதி தெரியாதவர்களுக்கு ஜூன் 1 என்றோ ஜனவரி 1 என்றோ யாரோ எழுதி வைத்திருப்பார்கள். இந்தத் தாள் இல்லாமல் எந்த மனுவும் எழுதாதீர்கள்.

தாள் போட்ட கையோடு இ-சேவை மையத்துக்கு ஓடவும் வேண்டாம். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறைதான். எந்த ஆவணத்தை அடிப்படையாகக் கொள்வது என்று முதலில் அமைப்பின் மூத்தவரோடு உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு, மற்றவற்றை அதற்கு ஒத்துவரத் திருத்துங்கள். பிள்ளைகளுக்கு இந்த வேலை ஒன்பதாம் வகுப்பிலேயே முடிய வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் தப்பு ஏறிவிட்டால் அப்புறம் அதைத் திருத்த அலையும் அலைச்சல் சொல்லி மாளாது.

பிறப்புப் பதிவு விட்டுப்போன குழந்தைகளும் இருப்பார்கள், குறிப்பாக வீட்டிலேயே பிரசவமானவர்கள். 21 நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை. ஒரு வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடும் அனுமதியோடும் முடிந்துவிடும். ஒரு வருஷம் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். அதற்கு முன் அந்த ஆண்டுப் பதிவேட்டில் இந்தப் பிறப்பு பதிவாகவில்லை என்ற சான்று வேண்டும். பதிவு இருந்து பெயர் மட்டும் விடுபட்டிருந்தால் 15 வருஷம் வரை சேர்க்கலாம். பெற்றோர் இருவரும் இலங்கைக் குடிமக்களாக இருந்தால், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலும் குழந்தையைப் பதிவது தனி வேலை. திரும்பிப் போகிற எண்ணம் இல்லாத குடும்பமும் இதைச் செய்து வைப்பது நல்லது என்பது என் கருத்து. எந்த நாட்டுக் கணக்கிலும் சேராத பிள்ளையாக நிற்பதைவிட அது மேல்.

பிறந்த தேதியில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு தேதியில்தான் நிற்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். அன்றிலிருந்து 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். அதற்குப் பின் பிறந்தவருக்கு, மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராகவும் இருக்கக் கூடாது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். அண்டை நாடுகள் சிலவற்றிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் (சி.ஏ.ஏ.) இலங்கை இல்லை. ஊரார் சொல்வதைக் கேட்டு அதைச் சொல்லி நம்பிக்கை கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: தாத்தா பாட்டி இலங்கையின் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களா? சேலம், திருச்சிப் பக்கத்திலிருந்து கண்டிச் சீமைக்குப் போன குடும்பங்களின் வாரிசுகளும் முகாமில் உண்டு. தோட்டத் தமிழர்களை இரு நாடுகளும் பிரித்து ஏற்பதற்கான 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்தவர்கள் குடிமக்கள். அதே குடும்பத்தின் மறுகிளை கலவரத்தில் ஓடிவந்து அகதியாகப் பதிவாகியிருக்கும். பழைய தோட்டத்துக் கடிதம், ஒப்பந்த கால விண்ணப்ப ரசீது ஏதாவது கிடைத்தால் நகல் எடுத்துக் கோப்பில் வையுங்கள். அதற்கு மேல் அது வக்கீல் வேலை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

மருத்துவத்தில் ஒரு நல்ல செய்தி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம்வாசிகளுக்கு வருமான வரம்பு கிடையாது. ஆனால் அட்டையில் பெயர் இல்லாத மருமகள், புதிதாகப் பிறந்த குழந்தை விஷயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள்.

குறிப்பு எழுதுவதில்தான் மாணவர்கள் சறுக்குகிறார்கள். வழக்கமாக வருவது இப்படி: “குடும்பம் மிகவும் கஷ்டத்தில் உள்ளது. தாயார் மன அழுத்தத்துடன் காணப்பட்டார். ஆறுதல் கூறப்பட்டது.” அடுத்து வருபவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. எழுத வேண்டியது இப்படி: “கோப்பு 7. வீட்டில் சந்திப்பு, தாயும் பாட்டியும் இருந்தனர். தாய் சொன்னது: சில மாதமாக இரவில் தூக்கம் இல்லை, மாத்திரை தீர்ந்து இரண்டு வாரம். பார்த்தது: ஆரம்ப சுகாதார நிலையச் சீட்டு, மறுவருகைத் தேதி கடந்துவிட்டது. ஒப்புக்கொண்டது: புதன்கிழமை பாட்டியோடு போவது. நான் செய்ய வேண்டியது: வியாழன் அன்று விசாரிப்பது.” சொன்னது, பார்த்தது, ஒப்புக்கொண்டது மூன்றும் கலக்கக் கூடாது. கோப்பில் எண் மட்டும். பெயர்ப் பட்டியல் அமைப்பின் அலமாரியில். முகாம் முகவரியும் முகமும் தெரிகிற போட்டோ வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஏறினால் அன்றோடு அனுமதி போகும், போகத்தான் வேண்டும்.

ஆண்களில் பலர் பெயின்ட் வேலைக்கு வெளியூர் போய்விடுவார்கள். முகாம் கணக்கெடுப்பு நாளில் ஆள் இல்லாவிட்டால் உதவித்தொகைக்குச் சிக்கல் என்பதால் அன்று திரும்பி வருவார்கள். கையெழுத்து வாங்க அதுதான் நாள் என்று தோன்றும். ஆனால் அன்றைக்கு அதிகாரிகள் முன்னால் எதையும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள். முந்தின நாள் மாலை போங்கள். முகாம் தலைவரை மதித்து முதலில் பாருங்கள், ஆனால் எந்தக் குடும்பத்தை எடுப்பது என்பதை அவரிடம் மட்டும் விட்டுவிட்டால் அவருக்கு வேண்டாதவர்கள் உங்கள் கண்ணிலேயே பட மாட்டார்கள். பணம் கைமாற்றாகக்கூடக் கொடுக்காதீர்கள்.

‘புதிதாக வந்தவர்கள்’தான் வேண்டும் என்றால் ஏற்காட்டு காபித் தோட்டங்களிலும் நகரத்துப் பட்டறைகளிலும் இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களைப் பாருங்கள். அவர்கள் அகதிகள் அல்ல, சட்டமும் வேறு; ஆனால் முதல் மாதத் தேவைகள் நீங்கள் விளம்பரத்தில் படித்ததற்கு நெருக்கமானவை. சொந்த மாநில ரேஷன் அட்டையை இங்கேயே பயன்படுத்தும் வசதி தமிழ்நாட்டில் 2020 அக்டோபரிலிருந்து உண்டு. அந்த அட்டையில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்ப்பது, 16 முதல் 59 வயது வரை இருப்பவருக்கு இ-ஷ்ரம் (அமைப்புசாராத் தொழிலாளர்) பதிவு, பிள்ளைகளைப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்ப்பது ஆகியவை ஒரு மாதத்தில் முடிகிற வேலைகள். மேஸ்திரி மொழிபெயர்க்கும்போது சம்பளப் பேச்சை எடுக்காதீர்கள்.

இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்கு ஐந்தாறு குடும்பம் போதும், குடும்பத்துக்கு ஒரு வேலை. பல்கலைக்கழகப் படிவம் இருபது கேட்டால் மேற்பார்வையாளரிடம் பேசிக் குறையுங்கள். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுவின் எண்ணை அன்றே எழுதி ஒரு பிரதி குடும்பத்திடம், ஒன்று கோப்பில். கடைசி இரண்டு வாரம் புதுக் கோப்பு எடுக்காமல், நிலுவையில் உள்ள ஒவ்வொன்றையும் அடுத்துப் பார்ப்பவர் யார் என்று எழுதி, அவரை நேரில் அழைத்துப் போய் அந்த வீட்டில் அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள்.