பேரன் தந்த கடிதத்தால் மட்டும் பெயர் உங்களுடையதாகாது

கேள்வி: நாற்பது ஆண்டுகளுக்கு முன் திவாலாகி மூடப்பட்ட ஒரு சிறிய சொகுசு கார் நிறுவனத்தை மீண்டும் தொடங்க நானும் இரண்டு நண்பர்களும் விரும்புகிறோம். அந்த நிறுவனம் தன் காலம் முழுவதும் சில நூறு கார்களை மட்டுமே தயாரித்தது. நிறுவனரின் பேரன், குடும்பப் பெயரை நாங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கையெழுத்திட்டுக் கடிதம் தந்திருக்கிறார். ஆனால், அந்த நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்துவிட்டு, விட்டுக்கொடுக்கப் பெருந்தொகை கேட்கிறார். பழைய கார்களுக்கு உதிரிபாகங்கள் செய்து தரும் ஒரு பட்டறையும் பல ஆண்டுகளாக அதே பெயரில் இயங்குகிறது. மூல வரைபடங்கள் அவர்களிடம்தான் இருக்கின்றன. பெயரை நாங்கள் பதிவு செய்யலாமா? பழைய காரின் உருவத்தை அப்படியே மீண்டும் தயாரிக்கலாமா? முன்பதிவுத் தொகை வாங்கி வேலையைத் தொடங்கலாமா?

பதில்: இப்போதைக்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள், யாரிடமிருந்தும் வாங்காதீர்கள். நிலம் வாங்குபவர் தாய்ப்பத்திரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு கைமாற்றத்தையும், இடையில் ஏதாவது வில்லங்கம் உண்டா என்பதையும் பார்ப்பதைப் போல, இந்தப் பெயர் நிறுவனரிடமிருந்து இன்றுவரை யார் யார் கைக்குப் போயிருக்கிறது என்பதை ஆவணங்களைக் கொண்டு முதலில் கண்டறிய வேண்டும். உங்கள் கடிதத்தில் மூன்று பேர் உரிமை பேசுகிறார்கள். மூவரில் எவரிடமும் முழு உரிமை இல்லாமல் இருப்பதற்கான வாய்ப்பே அதிகம் என்று கருதுகிறேன்.

மூடப்பட்ட ஒரு கார் நிறுவனம் சட்டத்தின் பார்வையில் ஒரே பொருள் அல்ல. பெயர், முத்திரை, காரின் புற உருவம், பொறியியல் வரைபடங்கள், பாகங்களை வார்க்கும் அச்சுகள், உதிரிபாக இருப்பு, வாடிக்கையாளரிடம் எஞ்சியிருக்கும் நன்மதிப்பு ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிச் சொத்து. ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆளிடம் போய்ச் சேர்ந்திருக்க முடியும். 1998-இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் ரோல்ஸ்-ராய்ஸ் மோட்டார் கார்ஸ் நிறுவனத்தை 43 கோடி பவுண்டுக்கு வாங்கியபோது அதற்குக் கிடைத்தவை க்ரூ நகரத் தொழிற்சாலை, பென்ட்லி பெயர், முகப்புச் சிலை, முகப்புக் கிரில்லின் உருவம் ஆகியவை. ரோல்ஸ்-ராய்ஸ் என்ற பெயரோ விமான எஞ்சின் தயாரிக்கும் வேறொரு நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்த நிறுவனம் பெயரைப் பயன்படுத்தும் உரிமத்தை 4 கோடி பவுண்டுக்கு பிஎம்டபிள்யூவுக்குக் கொடுத்துவிட்டது. இறுதியில் 2003 முதல் ரோல்ஸ்-ராய்ஸ் கார்கள் பிஎம்டபிள்யூவின் புதிய தொழிற்சாலையிலிருந்து வந்தன. பென்ட்லி மட்டும் ஃபோக்ஸ்வாகனிடம் தங்கியது. சாப் கார் நிறுவனம் 2011-இல் திவாலானபோதும் இதே நிலைதான். அதன் சொத்துகளை 2012-இல் வாங்கிய நெவ்ஸ் நிறுவனத்துக்குத் தொழிற்சாலை சொந்தமானது. பெயர் விமானத் துறையிலுள்ள சாப் நிறுவனத்திடமிருந்து உரிமமாக மட்டுமே கிடைத்தது, சிங்கக் கழுகு முத்திரை கிடைக்கவே இல்லை. 2014-இல் நெவ்ஸ் நிதி நெருக்கடியில் சிக்கியதும் பெயருக்கான உரிமமும் திரும்பப் பெறப்பட்டது. இத்தனை வழக்கறிஞர்களை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கே இப்படி நேர்ந்திருக்கிறது என்பதால்தான், உங்களை அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பேரனின் கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நிறுவனர் தன் பெயரைத் தொழிலுக்கு வைத்து, அந்தத் தொழில் பதிவு பெற்ற நிறுவனமாக மாறிய பிறகு, வணிகச் சின்னம் (டிரேட்மார்க்) என்ற வகையில் அந்தப் பெயர் பொதுவாக நிறுவனத்தின் சொத்தாகிவிடுகிறது. குடும்பச் சொத்தாக அது வாரிசுகளுக்கு இறங்குவதில்லை. ஆகஸ்ட் ஹோர்ஹ் தாம் தொடங்கிய நிறுவனத்தை விட்டு 1909-இல் வெளியேறி இன்னொரு கார் நிறுவனம் தொடங்கியபோது, தம் சொந்தப் பெயரையே அதற்கு வைக்க முடியாமல் நீதிமன்றத்தில் தோற்றார். அதனால்தான் ஆடி என்ற பெயர் பிறந்தது. நிறுவனருக்கே இல்லாத உரிமையைப் பேரன் உங்களுக்குக் கொடுக்க முடியாது.

ஆனாலும் அந்தக் கடிதம் வீண் இல்லை. குடும்பம் எதிர்க்காது என்பதற்கு அது சான்று. நிறுவனரின் படம், கையெழுத்து, வாழ்க்கை வரலாறு ஆகியவற்றை விளம்பரத்தில் பயன்படுத்தக் குடும்பத்தின் சம்மதம் பல நாடுகளில் தேவைப்படும். நிறுவனம் பதிவாவதற்கு முன்பே அவர் தனிமனிதராக வரைந்த ஓவியங்கள் இருந்தால், அவற்றின் பதிப்புரிமை உண்மையிலேயே வாரிசுகளிடம் இருக்கலாம். ஆகவே பேரன் ஒருவரின் கடிதத்தோடு நிற்காமல், எல்லா வாரிசுகளும் கையெழுத்திடும் முறையான உடன்படிக்கையாக அதை மாற்றுங்கள். டெலோரியன் நிறுவனம் 1982-இல் திவாலான பிறகு அதன் உதிரிபாக இருப்பை வாங்கிய டெக்சாஸ் நிறுவனம் பின்னர் அந்தப் பெயரிலேயே தொழில் நடத்தியது. நிறுவனரின் மனைவி 2014-இல் தொடுத்த வழக்கு 2015-இல் சமரசத்தில் முடிந்தது. அதற்குப் பின் அந்தக் கார் இடம்பெற்ற திரைப்படத்தின் உரிமத் தொகை குறித்து மீண்டும் ஒரு வழக்கு வந்தபோது, 2015 உடன்படிக்கையின் வாசகங்களே அதைத் தடுத்தன. குடும்பத்தோடு போடும் உடன்படிக்கையின் ஒவ்வொரு வரியும் பிற்காலத்தில் எவ்வளவு எடை பெறும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்தது, நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நிறுவனம் திவாலானபோது அதன் சொத்துகளை விற்று முடித்த கலைப்பாளர், பெயரை யாருக்கு விற்றார்? கலைப்பு நடந்த நாட்டின் நிறுவனப் பதிவேடு, திவால் நீதிமன்றத்தின் கோப்பு, அரசிதழ் அறிவிப்புகள், கலைப்பாளரின் இறுதிக் கணக்கு ஆகியவற்றில் இதற்கான தடயம் இருக்கும். வங்கிக்கு அடமானமாக எழுதிக்கொடுத்த சொத்துப் பட்டியலில் வணிகச் சின்னமும் சேர்ந்திருந்தால், அது வங்கியின் வழியே வேறொருவருக்குப் போயிருக்கலாம். எவருக்கும் விற்கப்படாமல் நிறுவனம் கலைந்திருந்தால், இங்கிலாந்து போன்ற நாடுகளில் எஞ்சிய சொத்து அரசுக்குச் சேரும். அப்போது நீங்கள் பேச வேண்டியது அரசின் உரிய அலுவலகத்தோடு. கலைந்த நிறுவனத்தையே பதிவேட்டில் மீட்டெடுக்க இங்கிலாந்தில் பொதுவாக ஆறு ஆண்டு வரம்பு உண்டு. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த வழி அடைபட்டிருக்கும். யாராவது பழைய நிறுவனத்தின் பங்குகளை வைத்திருப்பதாகச் சொல்லி விற்க வந்தாலும் வாங்காதீர்கள். பங்குகளோடு பழைய கடன்களும் பொறுப்புகளும் சேர்ந்து வரும். உங்களுக்குத் தேவையானவை குறிப்பிட்ட சொத்துகள் மட்டுமே. அதே பெயரில் புதிய நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்துவிட்டால் போதும் என்று நண்பர்கள் எவரேனும் நினைத்தால், நிறுவனப் பெயர்ப் பதிவு வணிகச் சின்ன உரிமையைத் தராது என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

இனி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்தவர். பயன்படுத்தப்படாத சின்னம் காலப்போக்கில் உரிமை இழக்கும் என்பது ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் உள்ள விதி. ஐரோப்பிய ஒன்றியத்திலும் இங்கிலாந்திலும் அந்தக் காலம் ஐந்து ஆண்டுகள். அமெரிக்காவில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பயன்பாடு இல்லையென்றால் எதிர்ச்சான்று வராதவரை கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். அவர் பதிவு செய்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருப்பதால், பயன்பாடின்மை என்ற காரணத்தைக் காட்டி இன்று அவரை அகற்ற முடியாது. எஞ்சியிருக்கும் வழி, தீய எண்ணத்துடன் பதிவு செய்தார் என்று நிறுவுவது. இதில் இரண்டு ஐரோப்பியத் தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். கார் சந்தையிலிருந்து எப்போதோ மறைந்துபோன சிம்கா என்ற பெயரை ஒருவர் 2007-இல் பதிவுக்கு விண்ணப்பித்தார்; பழைய பதிவுகள் பியூஜோ சித்ரோவன் குழுமத்திடம் இருப்பதை அறிந்தே, அந்தப் பெயரின் நன்மதிப்பில் ஆதாயம் தேடினார் என்று கண்டு, அவருடைய பதிவு செல்லாது என்பதை ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் 2014-இல் உறுதி செய்தது. அதே நீதிமன்றம் 2022-இல், செக்கோஸ்லோவாக்கியாவில் 1930-களில் புகழ்பெற்றிருந்த நெஹேரா ஆடைப் பெயரை மீட்டெடுத்தவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தப் பழைய சின்னம் பதிவிலும் இல்லை, பயன்பாட்டிலும் இல்லை. மக்கள் நினைவில் புகழ் எஞ்சியிருந்ததும் நிரூபிக்கப்படவில்லை. புதியவர் தம் சொந்த முயற்சியால் தொழிலை வளர்த்திருந்தார். மறைந்த பெயரை மீட்பது மட்டுமே குற்றமாகாது என்பது இதிலிருந்து தெளிவு.

உங்கள் எதிராளி கார் எதையும் தயாரிக்கவில்லை, தயாரிக்க ஆயத்தமும் செய்யவில்லை, பணம் மட்டுமே கேட்கிறார் என்றால், அவருடைய மின்னஞ்சல்களே உங்களுக்குச் சாதகமான சான்று. அவற்றை அழிக்காமல் வையுங்கள். அவரிடம் கோபமாக எதையும் எழுதவும் வேண்டாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: சிம்கா வழக்கில் பயன்பட்ட அதே அளவுகோல் உங்கள் மீதும் திரும்பும். பட்டறை ஒன்று அந்தப் பெயரைப் பயன்படுத்துவது தெரிந்தே நீங்கள் பதிவுக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பதை உங்கள் கடிதமே ஒப்புக்கொள்கிறது.

என் கணிப்பில், இந்த விவகாரத்தின் மையம் அந்தப் பட்டறைதான். புதிய கார் தயாராகாவிட்டாலும் உதிரிபாக விற்பனையும் பழுதுபார்ப்பும் ஒரு சின்னத்தை உயிரோடு வைத்திருக்க முடியும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003-இல் அன்சுல் வழக்கில், தீயணைப்புக் கருவிகளின் மினிமாக்ஸ் என்ற சின்னம் குறித்துச் சொன்னது. 2020-இல் ஃபெராரியின் டெஸ்டரோசா பெயர் குறித்த வழக்கில் அது மேலும் ஒரு படி சென்றது. புதிய கார் விற்பனை எப்போதோ நின்றுபோயிருந்தாலும், உரிமையாளர் அந்தச் சின்னத்தின் கீழ் உதிரிபாகங்கள் விற்பதும், பழைய கார்களை மறுவிற்பனை செய்வதும்கூட உண்மையான பயன்பாடாகக் கொள்ளப்படலாம் என்றது. இரு வழக்குகளிலும் பயன்படுத்தியவர் பதிவு பெற்ற உரிமையாளர். உங்கள் பட்டறைக்கு அந்த உரிமை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கலைப்பாளரிடமிருந்து உதிரிபாகங்களையும் வரைபடங்களையும் வாங்கியபோது பெயரையும் சேர்த்து வாங்கியிருந்தால் அவர்களே உரிமையாளர்கள். பெயரை வாங்காமல் இருந்தாலும், பல ஆண்டுகள் அந்தப் பெயரில் தொழில் செய்து பெற்ற நன்மதிப்பு, பதிவு இல்லாமலே பாதுகாக்கப்படும் நாடுகள் உண்டு. “இந்தக் காருக்குப் பொருந்தும் பாகங்கள்” என்று விளக்கமாக மட்டும் பெயரைச் சொல்லி வந்திருந்தால் அவர்கள் உரிமை மெலிந்தது.

இவர்களோடு வழக்காடுவதைவிட இவர்களைக் கூட்டாளிகளாக்குவதையே நான் வலியுறுத்துவேன். அந்தப் பெயருக்கு இன்றும் மதிப்பு இருக்கிறதென்றால், எஞ்சிய கார்களை ஓடவைத்துக் காப்பாற்றியவர்கள் இவர்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். இந்த உழைப்புக்கு உரிய மரியாதையைப் பேச்சுவார்த்தையின் முதல் நாளிலேயே காட்டுங்கள். தாங்கள் வாங்கிய மூல ரசீதைக் காட்டச் சம்மதிக்கிறார்களா என்று பாருங்கள். அவர்களுடைய உரிமையும் உங்கள் முதலீடும் ஒரே நிறுவனத்துக்குள் வந்தால், அந்நியர் பெற்ற பதிவை எதிர்க்கும் முந்தைய பயன்பாட்டாளர் உங்கள் பக்கமே நிற்பார். ஹிஸ்பானோ-சுயிசா என்ற ஒரே பெயரில் இரண்டு நிறுவனங்கள் 2019-இல் தனித்தனியே புதிய கார்களை அறிவித்தது போன்ற குழப்பத்தை, சில நூறு வாடிக்கையாளரை நம்பும் சிறு தொழில் தாங்காது.

உருவத்தைப் பொறுத்தவரை, வரைபடத் தாள்களைக் கையில் வைத்திருப்பது வேறு, அவற்றின் பதிப்புரிமை வேறு. பட்டறை தாள்களை வாங்கியிருந்தாலும், எழுத்துமூலமான உரிமைமாற்றம் இல்லையென்றால் பதிப்புரிமை பழைய நிறுவனத்திடமிருந்து வேறெங்கோ போயிருக்கலாம். வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட வடிவமைப்பாளர் வரைந்திருந்தால் அவருடைய வாரிசுகளிடம் இருக்கலாம். பதிவு செய்யப்பட்ட வடிவமைப்பு உரிமை ஐரோப்பாவில் அதிகபட்சம் 25 ஆண்டுகள்தான் என்பதால், நாற்பது ஆண்டுப் பழைய காருக்கு அது முடிந்திருக்கும். ஆசிரியரின் ஆயுளோடு மேலும் பல பத்தாண்டுகள் நீளும் பதிப்புரிமை முடிந்திருக்காது. நீங்களே அந்த உருவத்தை வணிகச் சின்னமாகப் பதிவு செய்யலாம் என்றும் எளிதாக நம்ப வேண்டாம். லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் உருவத்துக்கே போதிய தனித்தன்மை இல்லை என்ற முடிவை இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்தது.

விளம்பர வாசகத்திலும் கவனம் தேவை. பழைய நிறுவனத்தின் ஆண்டைக் குறிப்பிட்டு “அன்று முதல் இன்று வரை” என்று எழுதினால், இடையில் நாற்பது ஆண்டுகள் எதுவுமே தயாராகவில்லை என்பதை மறைத்ததாகும். நுகர்வோர் சட்டத்தில் அது தவறான கூற்று. பழைய காரின் குறைபாட்டால் காயமடைந்த ஒருவர், “அதே நிறுவனம்தான் நாங்கள்” என்ற உங்கள் சொல்லையே எடுத்து உங்கள் மீது இழப்பீடு கேட்கவும் வாய்ப்புண்டு. பழைய நிறுவனம் எந்த ஆண்டு தொடங்கியது, எந்த ஆண்டு மூடப்பட்டது, உங்கள் நிறுவனம் எப்போது தொடங்கியது என்ற மூன்றையும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

அரசு ஒப்புதல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் எந்த நாட்டில் தயாரிப்பீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண்டுக்கு 1,500 பயணியர் கார்கள் வரை சிறு தொகுதி ஒப்புதல் என்ற எளிய பாதை உண்டு. அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டுச் சட்டம், குறைந்தது 25 ஆண்டுகளுக்கு முந்தைய காரைப் போன்ற நகல் கார்களை ஆண்டுக்கு 325 வரை தயாரிக்கச் சிறு நிறுவனங்களை அனுமதிக்கிறது. ஆனால் அந்த உருவத்துக்கோ சின்னத்துக்கோ உரிய உரிமம் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் கேட்கிறது. உரிமைத் தொடரைச் சரிசெய்யாமல் இந்த வாசலையும் தாண்ட முடியாது.

முன்பதிவுத் தொகை குறித்த உங்கள் கேள்விக்கு என் பதில் உறுதியாக “இப்போது வேண்டாம்” என்பதே. உங்களுடையதா என்று தெரியாத பெயரைக் காட்டிப் பணம் வாங்கிய பிறகு அந்தப் பெயரைப் பயன்படுத்த நீதிமன்றம் தடை விதித்தால், ஒப்பந்தத்தை மீறியதோடு வழக்கு நிற்காது; மோசடி என்ற குற்றச்சாட்டும் எழலாம். பெயர் உங்கள் கைக்கு வந்த பிறகு வாங்குவதானாலும், நிறுவனத்தின் செலவுக் கணக்கில் சேர்க்காமல் மூன்றாம் தரப்பினர் பொறுப்பில் உள்ள காப்புக் கணக்கில் வையுங்கள். எந்தக் கட்டம் முடிந்தால் எவ்வளவு விடுவிக்கப்படும், எந்தத் தேதிக்குள் கார் வராவிட்டால் முழுத்தொகையும் திரும்பும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நண்பர்களில் யாராவது ஏற்கெனவே ஆர்வலர்களிடம் தொகை பெற்றிருந்தால், அதைத் தாமதமின்றி திருப்பிக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட்டு, பட்டறைக்காரர்களைச் சந்திக்கச் செல்லுங்கள்.