பிங் வருகிறது, பில் வரவில்லை

கேள்வி: யாழ்ப்பாண நகரில் எங்கள் தலைமைக் கடை, சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரியில் கிளைகள். நாலிலும் லினக்ஸ் சேர்வர். ஞாயிறு இரவு வீட்டிலிருந்தே ஸ்கிரிப்ட் மூலம் ரீபூட் செய்கிறேன். பிங் (சேர்வர் நெட்வொர்க்கில் பதில் சொல்கிறதா என்ற சோதனை) பார்த்துவிட்டு, எல்லாம் வந்துவிட்டது என்று அது உடனே சொல்லும். திங்கள் காலை ஏதாவது ஒரு கிளையில் பில் அடிக்க முடியாது. மாதக் கட்டணத்துக்கு ஒரு கண்காணிப்புச் சேவை எடுக்கச் சொல்கிறார் ஒருவர். எடுக்கலாமா?

பதில்: 'உடனே' என்கிறீர்களே, பிழை அங்கேதான். கட்டளை கிடைத்த கையோடு சேர்வர் அணைந்துவிடாது. டேட்டாபேஸை மூடி, மற்ற வேலைகளை நிறுத்தி, அப்புறம்தான் படுக்கும். அதற்குள் பிங் அனுப்பினால், இன்னும் படுக்காத சேர்வரே பதில் சொல்லும். பிங் என்பது படலையில் நின்று கூப்பிடுவது மாதிரி. நாய் குரைத்தாலும் அதற்குப் பதில்தான்.

லினக்ஸ் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் புதிதாக ஒரு பூட் ஐடி, அதாவது அந்தத் தடவைக்கான அடையாள எண், உருவாகும். ரீபூட்டுக்கு முன் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பத்து விநாடிக்கு ஒருமுறை எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்தே சேர்வருக்குள் நுழையும் வழி) வழியாக உள்ளே போய்ப் பாருங்கள். எண் மாறியிருந்தால்தான் எழும்பியது. அதற்குப் பிறகும் பில் மென்பொருளிடமே ஏதாவது ஒரு பொருளின் விலையைக் கேட்டுப் பாருங்கள். விலை வந்தால் சரி. பத்து நிமிடமாவது பொறுங்கள், சில சேர்வர்கள் மெமரியைச் சோதிக்கவே நிமிடக்கணக்கில் எடுக்கும். பல சேர்வர்களை ஒரே இடத்திலிருந்து கவனிக்கும் அன்சிபிள் என்ற மென்பொருளின் ரீபூட் வசதியும் இந்த எண்ணைத்தான் ஒப்பிடுகிறது, வழமையாக 600 விநாடி காத்திருக்கும். ஒரு கிளை முடிந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

ஒரு விதிவிலக்கு. டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து, அதாவது பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி வைத்திருந்தால் மேலே சொன்னது எதுவும் உதவாது. எழும்பும் வழியிலேயே பாஸ்வேர்ட் கேட்டுக் கறுப்புத் திரையில் நிற்கும். அந்த நேரத்தில் பிங்கும் வராது, எஸ்எஸ்எச்சும் வராது. சேர்வர் செத்துப்போனது என்று நினைத்து இரவில் நெல்லியடிக்கு ஓடுவீர்கள். போய்ப் பார்த்தால் அது பாஸ்வேர்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். டிஸ்க் திறக்கும் முன்பே இயங்கும் சின்ன எஸ்எஸ்எச் ஒன்றைப் போட்டு வைக்கலாம். இல்லாவிட்டால், சேர்வர் எழும்பாவிட்டாலும் தூரத்திலிருந்தே அதன் திரையைப் பார்க்க விடும் ஐடிராக், ஐஎல்ஓ போன்ற தனிக் கதவு வேண்டும்.

இனி அந்த மாதக் கட்டணக்காரர். "பில் மென்பொருள் நின்றுவிட்டது, பிங் வருகிறது. உங்கள் திரை என்ன காட்டும்?" என்று கேளுங்கள். பச்சை என்றால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் பிங்குக்கு வர்ணம் பூசியவைதான். கரண்ட் போய் வருகிற ஊரில் சேர்வர் விற்கிறவர்கள், கரண்ட் திரும்பினால் தானாக எழும்பும் பயோஸ் அமைப்பைக்கூட வைத்துத் தருவதில்லை. சொல்லிச் சொல்லி வாய் நோகிறது. ஆனால் ஐடிராக் பாஸ்வேர்டை மட்டும் கவனமாகத் தங்களிடமே வைத்துக்கொள்வார்கள், ஒவ்வொரு தடவையும் நீங்கள் கூப்பிட வேண்டுமே! மிச்சக் காசைக் கொடுக்கமுன் அந்தப் பாஸ்வேர்டை வாங்கி, நீங்களே ஒருமுறை உள்ளே போய், உங்களுக்கு மட்டும் தெரிந்ததாக மாற்றிவிடுங்கள்.