நெல் அவிக்கும் அடுப்பு: விறகை அடைக்காதீர்கள், தள்ளி எரியுங்கள்

கிளிநொச்சிப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மூன்று கல் அடுப்பில் கிடாரம் (பெரிய அண்டா) ஏற்றி நெல் அவிக்கிறாராம். அடுப்பு நிறைய விறகு வைத்தாலும் முதலில் புகைந்து கண் கரிக்கிறது, பிறகு ஒரேயடியாகப் பற்றி அரை மணித்தியாலத்தில் தணலாகிவிடுகிறது. நெடுநேரம் சீராக எரிய என்ன செய்யலாம்?

நிறைய வைப்பதுதான் கோளாறு, அம்மா. விறகு சூடேறும்போது வாயு கிளம்பும். நாம் காணும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். காய்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இப்படித்தான் போகும், மிச்சம் கரியாகித் தணலாகும். அடுப்பை அடைத்தால் எல்லாக் கட்டையும் ஒன்றாக வாயுவைக் கக்கும், எரிக்கக் காற்றுப் போதாது. உங்கள் கண்ணைக் கரிக்கும் புகை எரியாமல் போன அந்த வாயுதான். ஈரமெல்லாம் போய்க் காற்றும் கிடைத்ததும் மொத்தமும் ஒரேநேரத்தில் பிடித்துக்கொள்ளும்.

மணிக்கட்டு மொத்தத்தில் நீளமான கட்டைகள் மூன்று போதும். கல் இடைவெளி ஒவ்வொன்றாலும் ஒன்றை நுழைத்து, நுனிகள் நடுவில் இரண்டு விரல் இடைவெளியில் ஒன்றையொன்று பார்க்கும்படி கிடத்துங்கள். ஒற்றைக் கட்டை தனியே நின்றால் அணையப் பார்க்கும். பக்கத்தில் எரியும் கட்டையின் சூடுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு கட்டையின் அடியிலும் ஒரு துண்டு இரும்புக் கம்பியைக் குறுக்கே போட்டால் அடியால் காற்று போகும். நுனி எரிந்து குறையக் குறைய உள்ளே தள்ளுங்கள். அவ்வளவுதான் வித்தை.

கொதி வரும்வரை தென்னம் பாளை, பனை மட்டை போல மெல்லியவை சரி. கொதித்த பிறகு வேண்டாம். எவ்வளவு எரித்தாலும் திறந்த கிடாரத்துத் தண்ணீர் 100 பாகைக்கு மேல் போகாது. ஆவி நிற்காமல் வந்தால் போதும். ஒரு கட்டையைச் சற்று வெளியே இழுத்துவிடுங்கள். சோழகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் காற்று வரும் பக்கம் ஒரு தகரத்தைச் சாத்துங்கள், இல்லாவிட்டால் சுவாலை கிடாரத்தை விட்டு ஓடிவிடும்.

விறகின் ஈரம் இன்னொன்று. பச்சை மரத்தின் எடையில் மூன்றில் ஒன்று முதல் பாதிவரை தண்ணீர், அது ஆவியாகும்வரை சூடு வீண். எரியும்போது மறுநுனியில் நுரை தள்ளி 'உஸ்' என்றால் அந்தக் கட்டை இன்னும் காயவில்லை. காய்ந்த இரண்டைத் தட்டினால் 'டக்' என்று கணீரென ஒலிக்கும். உருண்டையாக விட்டால் பட்டை ஈரத்தை அடைத்து வைக்கும், ஆகவே பிளந்து அடுக்குங்கள். வன்னியில் மாரி ஐப்பசியில் தொடங்கிவிடும். ஆவணிக்குள் கொத்தி, கல்லின்மேல் அடுக்கி, மேலே மட்டும் கூரை போட்டுப் பக்கங்களைத் திறந்து விடுங்கள்.

அவித்து முடிந்ததும் கட்டைகளை இழுத்து, எரிந்த நுனியை மணலில் புதைத்து அணையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். அடுத்த அவியலுக்கு அந்தக் கரிந்த நுனிதான் முதலில் பற்றும்.