பொம்மைக்குப் பதில் பாட்டு: பிள்ளைகள் ஏமாந்துபோவார்களா?

கேள்வி: எங்களுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள், ஐந்து வயதில் ஒரு மகன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பொம்மைகளாக வாங்கிக் குவிக்கிறோம். புத்தாண்டு பிறப்பதற்குள் பாதி உடைந்துவிடுகிறது. மீதி கட்டிலுக்கடியில் கிடக்கிறது. இந்த முறை பொம்மையே வேண்டாம், குடும்பமாகச் சேர்ந்து பாடலாம், வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். கணவர் கல்லூரி நாட்களில் கிட்டார் வாசித்தவர். எனக்குப் பாடவே வராது. “பண்டிகை நாளில் பிள்ளைகளை ஏங்க விடாதே” என்கிறார் மாமியார். நான் நினைப்பது தவறா? எப்படித் தொடங்குவது?
– ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் எண்ணத்தில் தவறே இல்லை. ஆனால் உங்கள் மாமியார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஐந்து வயதுப் பையனுக்குப் பண்டிகை என்றால் பிரித்துப் பார்க்க ஒரு பொட்டலம் வேண்டும். அது இல்லாமல் விடிந்தால், தன் பொம்மையைப் பிடுங்கிக்கொண்டது பாட்டுதான் என்று அவன் நினைத்துவிடுவான். ஆகவே, “இந்த வருடம் பொம்மை கிடையாது” என்று அறிவிக்காதீர்கள். ஆளுக்கொரு பொட்டலம் இருக்கட்டும். அதற்குள் இருப்பது வாத்தியமாக இருக்கட்டும்.

மகனுக்கு ஒரு தம்பூரின் (ஓரத்தில் சலங்கைத் தகடுகள் கொண்ட கைப்பறை) அல்லது சின்ன மேளம் போதும். தாளம் தப்பினால் தப்பட்டும். பொத்தானை அழுத்தியதும் தானே பாடும் பொம்மை கீபோர்டுகளை மட்டும் வாங்காதீர்கள். அது பாடத் தொடங்கிவிட்டால் குழந்தைக்கு அங்கே வேலையே இல்லை.

மகளுக்கு யுகுலேலே வாங்கலாம், அது கிட்டாரின் குட்டி வடிவம் போன்ற வாத்தியம். நான்கே தந்திகள், நைலான் என்பதால் பிஞ்சு விரல்களை அதிகம் அறுக்காது. பிடித்துக்கொண்டால் கீழே வரும் கடைசித் தந்தியின் முதல் கட்டத்தில் ஒரு விரலை வைத்தால் ‘சி7’ கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு). வேறு இரண்டு தந்திகளில் விரல் வைத்தால் ‘எஃப்’. இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டே எளிய பாடல்கள் பலவற்றை முழுதாக வாசித்துவிடலாம். புதுத் தந்திகள் இழுபட்டு இழுபட்டுத்தான் நிலைபெறும். முதல் சில நாட்கள் அடிக்கடி சுருதி இறங்கும். வாத்தியம் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்துக் கொடுப்பது அப்பாவின் பொறுப்பு.

இனி, குடும்பமாகப் பாடும்போது பெரும்பாலும் எங்கே இடறுகிறது என்பதைச் சொல்கிறேன். பெரியவர்கள் தங்கள் தொண்டைக்கு வசதியான கட்டையில் (சுருதியில்) பாட்டை எடுத்துவிடுகிறார்கள். குழந்தைகளின் குரல்நாண்கள் குட்டையானவை. அவர்களால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. முதல் வரியிலேயே குரல் கரகரத்து, வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார்கள். “பிள்ளைக்குப் பாட்டில் ஆர்வமில்லை” என்று நாமும் முடிவுகட்டிவிடுவோம். உங்கள் கணவர் ஒரு கட்டையில் எடுப்பவராக இருந்தால், இந்த முறை நான்கு கட்டைக்குப் போகட்டும். அதாவது ‘எஃப்’. கிட்டாரின் மூன்றாவது கட்டத்தில் (ஃபிரெட்) கேப்போவை, அதாவது தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியை, மாட்டிக்கொண்டு அவர் தமக்குப் பழகிய ‘டி’, ‘ஏ7’ கார்டுகளைப் பிடித்தால், வெளியே ஒலிப்பது மகள் வாசிக்கும் அதே ‘எஃப்’, ‘சி7’. அவர் குரலுக்கு உயரமாக இருந்தால் ஒரு ஸ்தாயி கீழே பாடிக்கொள்ளலாம். விட்டுக்கொடுக்க வேண்டியவர் அவர்தான், குழந்தைகள் அல்ல.

“எனக்குப் பாடவே வராது” என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. சுருதி வேறுபாட்டைக் காதால் பிரித்தறியவே முடியாதவர்கள் மிகமிகச் சிலர்தான். மற்றவர்களில் பலர், சின்ன வயதில் யாரோ சிரித்ததால் பாடுவதை நிறுத்திக்கொண்டவர்கள். நீங்கள் எந்த வகை என்று நான் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மகனைத் தூங்க வைக்கும்போது எதையாவது முணுமுணுத்திருப்பீர்கள். அந்தக் குரல் போதும். அம்மா தயங்காமல் பாடுவதைப் பார்க்கும் பிள்ளை தானும் தயங்காது. கைபேசியில் பதிவு செய்து கேட்டு, “ஐயோ, இதுவா என் குரல்!” என்று மட்டும் பின்வாங்கிவிடாதீர்கள். பேசும்போதும் பாடும்போதும் நம் குரல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் நம் செவிக்குள் வருகிறது. பதிவில் அது இல்லாததால் எல்லோருக்குமே சொந்தக் குரல் மெலிந்து, அந்நியமாகத்தான் கேட்கும்.

பெரிய ஏற்பாடெல்லாம் தேவையில்லை. உலகமே பாடுகிற ‘சைலண்ட் நைட்’ முதன்முதலில் ஒலித்தது 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஊர்த் தேவாலயத்தில். அதை எழுதிய பாதிரியார் யோசஃப் மோர், மெட்டமைத்த பள்ளி ஆசிரியர் ஃப்ரான்ஸ் க்ரூபர் ஆகிய இருவர் குரலும், ஒரு கிட்டாரும், பின்பாட்டுக்கு ஊர்ப் பாடகர்களும்தான். உங்கள் வீட்டில் கிட்டார் இருக்கிறது. பின்பாட்டுக்கும் ஆள் இருக்கிறது.

மாமியாரைப் பார்வையாளராக உட்கார வைத்துவிடாதீர்கள். அவர் சிறுமியாக இருந்தபோது பாடிய கிறிஸ்து பிறப்புப் பாடல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது சரணம் அவருக்கே மறந்திருக்கலாம். பல்லவி கிடைத்தால்கூடப் போதும். பேரப்பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவரிடமே விடுங்கள். பிள்ளைகள் ஏங்குவார்களோ என்ற கவலை அவருக்கும் குறையும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். விருந்தினர் வந்ததும், “எங்கே, அந்தப் பாட்டைப் பாடிக் காட்டு” என்று பிள்ளைகளை நடுக்கூடத்தில் நிறுத்தக் கூடாது. பாடும்போது நடுவில் நிறுத்தித் திருத்தவும் கூடாது. அந்த நிமிடமே அது வகுப்பாகிவிடும். அப்புறம் கட்டிலுக்கடியில் கிடக்கும் பொம்மைகளோடு யுகுலேலேயும் போய்ச் சேரும்.

பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம், தினம் ஒரே பாட்டு என்றாலும் பரவாயில்லை. கல்லூரிக் காலத்துக் கிட்டார் என்றால் கம்பிகள் துருப்பிடித்திருக்கும். முதல் வேலையாக இந்த வாரமே அவற்றை மாற்றச் சொல்லுங்கள்.