பங்குச் சந்தை பற்றி என்ன படம் பார்க்கலாம்?

கொழும்புப் பங்குச் சந்தையில் இப்போதுதான் சீடிஎஸ் கணக்கு (வாங்கும் பங்குகளை வைத்திருக்கும் கணக்கு) திறந்தேன், என்ன படம் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் 'தி பிக் ஷார்ட்' (2015). 2008 அமெரிக்க வீட்டுக்கடன் சரிவின் கதை. அதில் சமையல் நிபுணர் அந்தனி போர்டெய்ன் வருவார். விற்காமல் கிடந்த மீனைக் குழம்பில் போட்டால் அது பழைய மீன் இல்லை, புதுச் சாப்பாடு. மோசமான கடன்களையும் அப்படித்தான் ஒன்றாகக் கட்டி விற்றார்கள் என்பார். பேலியகொடை மீன் சந்தை தெரிந்தவருக்கு வேறு விளக்கமே வேண்டாம்!

எனக்குப் பிடித்தது என்னவோ 'மார்ஜின் கோல்' (2011). ஒரு முதலீட்டு வங்கி, கிட்டத்தட்ட ஒரே இரவு, சத்தமில்லாத பயம். 'வோல் ஸ்ட்ரீட்' (1987) பழசு, ஆனாலும் உள்தகவலை வைத்துப் பங்கு வாங்குவது என்றால் என்னவென்று புரியும். அப்புறம், பங்குச் சந்தை மோசடியில் சிக்கிய இந்தியத் தரகர் ஹர்ஷத் மேத்தா பற்றிய 'ஸ்காம் 1992' இருக்கிறது. படமல்ல, தொடர், 10 அத்தியாயம்.