விடுதி அறையில் செபம் வறண்டுபோனால்

கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். தூத்துக்குடிக் கடலோர ஊர் ஒன்றில், மாலையானால் வீடே முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லும் குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். விடுதிக்கு வந்தபின் செபத்தில் எந்த உணர்வும் எழுவதில்லை என்றும், ரெக்கார்டு எழுதும் வேலையில் ஞாயிறு திருப்பலியும் சில வாரங்கள் தவறிவிட்டது என்றும் வருந்தும் அவர், விசுவாசத்தை ஆழப்படுத்த இனி நாள்தோறும் ஒரு மணி நேரம் செபிக்கலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். பருவத் தேர்வு நெருங்கியதும் கைவிடப்படும் ஒரு மணி நேரத்தைவிட, தேர்வு நாளிலும் தவறாத கால் மணி நேரம் உங்களை அதிகம் வளர்க்கும். வீட்டில் பெரியவர்கள் தொடங்கிவைக்க, உங்கள் மனம் அலைந்த நாள்களிலும் மற்றவர்களின் குரல் செபத்தை நடத்திச் சென்றது. இப்போது தொடங்குவதும் முடிப்பதும் உங்கள் ஒருவர் பொறுப்பாகிவிட்டதால் அது கனக்கிறது. இதை விசுவாச இழப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

செபத்தையும் படிப்பையும் எதிரெதிரே நிறுத்தும் மாணவர்களுக்கு, இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியாரின் மாணவப் பருவத்தை நினைவூட்டுவது என் வழக்கம். முப்பது வயதைக் கடந்தபின் 1524-இல் பார்சலோனாவில் இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கிய அவருக்கு, மனப்பாடம் செய்ய உட்கார்ந்தபோதெல்லாம் ஆன்மிக ஒளியும் இன்பமும் பெருகி வந்தன. செபத்திலும் திருப்பலியிலும்கூட அவ்வளவு தெளிவாக வராதவை பாடவேளையில் மட்டும் வருவதைக் கவனித்து, அதைச் சோதனை என்று கண்டுகொண்ட அவர், ஆசிரியரைக் கோவிலுக்கு அழைத்துச் சென்று, உயிர் வாழ ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கும்வரை அடுத்த இரண்டாண்டும் பாடம் கேட்கத் தவற மாட்டேன் என்று வாக்களித்தார். பின்னர் பாரிசில் அவரோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவர்தான், 1542-இல் உங்கள் கடற்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார்.

தம் சபையில் படித்துக்கொண்டிருந்த இளைஞருக்கு நீண்ட தியானங்களை வற்புறுத்தாத இஞ்ஞாசியார், அன்றாடம் தன்னைத் திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. உங்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன். உறங்குமுன் பத்து நிமிடம் கைபேசியைத் தள்ளி வைத்து, அன்று கிடைத்தவற்றுக்கு நன்றி சொல்லி, அன்றைய நாளைச் சரியாகப் பார்க்கும் ஒளியைத் தூய ஆவியாரிடம் கேட்டு, காலையிலிருந்து நடந்தவற்றை வரிசையாக ஆண்டவர் முன் வையுங்கள். ரெக்கார்டை நண்பனிடமிருந்து அப்படியே பார்த்து எழுதியது, மெஸ் வரிசையில் சிடுசிடுத்தது, காய்ச்சலில் கிடந்த அறைத்தோழனுக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்தது என எல்லாமே அதில் அடங்கும். எந்த இடத்தில் அவரை நெருங்கினீர்கள், எங்கே விலகினீர்கள் என்று பார்த்து, தவறுக்கு மன்னிப்புக் கேட்டு, நாளை திருத்த வேண்டிய ஒன்றே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். குற்றப்பட்டியல் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் சில வாரங்களில் சோர்ந்துவிடுகிறார்கள். ஆகவே நன்றியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

செப வறட்சியைப் பற்றியும் இஞ்ஞாசியார் தெளிவாகவே எழுதியிருக்கிறார்: நம் அசட்டை, இறைவன் நம்மைச் சோதித்தல், ஆறுதல் தம்முடைய கொடையே என்று அவர் நமக்கு உணர்த்துதல் ஆகிய மூன்றும் அதற்குக் காரணமாகலாம், ஆறுதலற்ற வேளையில் முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றக் கூடாது. முதல் காரணம் உங்களுக்குப் பொருந்துமா என்பதை நேர்மையாகப் பாருங்கள். ஆனால் செபம் மட்டுமன்றிச் சாப்பாடு, படிப்பு, நண்பர்கள் என எதிலும் மனம் ஒட்டாமல் தூக்கமும் கெட்டால், அதை ஆன்மிக வறட்சி என்று நீங்களே முடிவு கட்டாமல் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

செபமாலையை விட வேண்டியதில்லை. வகுப்புக்கு நடக்கும் வழியில் அதன் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதியை மட்டும் சொன்னாலும் போதும். திருப்பலியில் பங்கேற்கும் ஞாயிறு கடமையைச் சனி மாலைத் திருப்பலியில் நிறைவேற்றவும் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. விடுதிக்கு அருகிலுள்ள பங்குக் கோவிலில் அந்தத் திருப்பலி எத்தனை மணிக்கு என்றும், பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்துக்குக் குருவானவர் எப்போது இருப்பார் என்றும் இந்த வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.