யானைக்குக் கடற்பசு உறவா?

கேள்வி: எங்கள் வயலுக்கு வரும் யானையும் மன்னார்க் கடலில் வாழும் கடற்பசுவும் நெருங்கிய உறவு என்று வகுப்பில் படித்தோம். பார்வைக்குக் கடற்பசு டொல்பினைப் போலத்தானே இருக்கிறது? மரபணுவை வைத்துக் கணினி எப்படிக் கூர்ப்பு மரம் (எந்த இனம் எதிலிருந்து பிரிந்தது என்று காட்டும் பரிணாமப் படம்) வரைகிறது? மிகவும் ஒத்த இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போனால் போதாதா?
– உயர்தர மாணவி, ஒட்டுசுட்டான்

பதில்: போதாது, பிள்ளை. டொல்பினுக்கு நெருங்கிய தரை உறவு நீர்யானை. தண்ணீரில் வாழ்ந்ததால் வந்த உடல்வாகு கண்ணை ஏமாற்றுகிறது. மரபணுவும் ஏமாற்றும்.

நீங்கள் சொல்லும் வழியை, சோக்கல், மிச்செனர் என்ற ஆய்வாளர்கள் 1958இல் முறைப்படுத்தினார்கள். எல்லா இனமும் ஒரே வேகத்தில் மாறும் என்றால்தான் அது சரிவரும். எலியின் மரபணு வேகமாக மாறும், யானையினுடையது மெதுவாக.

கணினி இல்லாமல் இதைப் படிப்பிக்க முடியாது என்பவர்களை நான் ஏற்பதில்லை. மரத்தடி வகுப்பில்கூடச் செய்யவைத்திருக்கிறேன். கொப்பியை எடுங்கள். க, ச, ட, த என்று நான்கு இனங்கள். உண்மையில் க–ச ஒரு சோடி, ட–த மறு சோடி. ச-வும் த-வும் மிக வேகமாக மாறின. மரபணு வேறுபாடுகள் இவை என்று வைத்துக்கொள்வோம்: க–ச 10, க–ட 6, க–த 10, ச–ட 12, ச–த 16, ட–த 8. ஆகக் குறைந்தது 6. உங்கள் வழி க-வையும் ட-வையும் சேர்த்துவிடும். பிழை!

இப்போது சோடி சோடியாகக் கூட்டுங்கள். கச + டத = 18. கட + சத = 22. கத + சட = 22. கூட்டுத்தொகை எதற்குக் குறைவோ அதுவே சரியான பிரிப்பு. சைத்தோ, நெய் என்ற ஆய்வாளர்கள் 1987இல் தந்த ‘அயல் இணைப்பு’ முறையும் இதைத்தான் பெரிய அளவில் செய்கிறது: ஒவ்வோர் இனமும் மற்ற எல்லாவற்றிலிருந்தும் எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைக் கழித்துவிட்டே சோடி தேடுகிறது.

எல்லா மரங்களையும் வரைந்து ஒப்பிடலாமே என்பீர்கள். பத்து இனங்களுக்கே, எது மூதாதை என்று வேர் குறிக்காமல், 20,27,025 மரங்கள் உண்டு.

கிடைத்த மரத்தை அப்படியே நம்பவும் கூடாது. ஃபெல்சன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் 1985இல் ஒரு சோதனை சொன்னார்: இனங்களின் மரபணு வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அதன் நிரல்களைக் குலுக்கி எடுத்து, எடுத்ததே மீண்டும் வரலாம் என்று விட்டு, பலமுறை மரம் வரையுங்கள். ஒரு கிளை எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணுங்கள்; அடிக்கடி வந்தால் அதைக் கூடுதலாக நம்பலாம்.

யானையும் கடற்பசுவும், முயல் அளவான ஹைராக்ஸும் ஒரே கூட்டம் என்பது உறுதி. அந்த மூன்றில் எது முதலில் பிரிந்தது என்று கேட்டால், வெவ்வேறு தரவுகள் வெவ்வேறு மரங்களைத் தந்திருக்கின்றன.